செவந்தியின் சேலையும் பெரு நாட்டுக் கடலும்

6-11-1966
ஐப்பசி முடியப்போகிறது. கண்மாயில் மாடு குளிப்பாட்டக்கூடத் தண்ணீர் இல்லை. கணவனை இழந்த செவந்தியை நான் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு அழைத்து வந்ததால்தான் மழை நின்றதாம்.

கூடப் படித்த தேனப்பன் வந்திருந்தான். சென்னையில் வானிலை அலுவலகத்தில் இருக்கிறான். பெரு நாட்டுக் கரையோரக் கடல் சில வருஷம் சூடாகிறதாம், சில வருஷம் குளிர்ந்துவிடுகிறதாம். நம் அடைமழையும் புயலும் அதைப் பொறுத்துக் கூடிக் குறையலாம் என்று வெளிநாட்டில் சந்தேகிக்கிறார்களாம். "இன்னும் முழுசாப் புரியலடா" என்றான்.

9-11-1966
ஊர்க்கூட்டத்தில் கடலைப் பற்றிச் சொன்னேன். ஊர்த்தலைவர் நாகராசு அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒங்களை ஒண்ணும் சொல்லலங்க வாத்தியாரய்யா, நீங்க படிச்சவுக" என்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதானே வயிற்றெரிச்சல்.

13-11-1966
கொடும்பாவி கட்டுகிறார்கள். வைக்கோலில் ஒரு மகாபாவியைச் செய்து, தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது எரித்தால் வானம் இரங்குமாம். மற்ற வீடுகளில் அரிசி வாங்கினார்கள். எங்கள் வீட்டில், வசூலுக்கு வந்த காத்தாயி கேட்டது பொம்மைக்குக் கட்ட செவந்தியின் பழைய சேலை. நான் பள்ளியில் இருந்தேன். இவளும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஏண்டி குடுத்தே? "மழை வந்தாச் சரிங்க" என்கிறாள்.

14-11-1966
பச்சைச் சேலை கட்டிய அந்தப் பொம்மையை எங்கள் வாசலில்தான் அதிக நேரம் நிறுத்தி அழுதார்கள்.

17-11-1966
செவந்தி போய்விட்டாள். அறந்தாங்கிப் பக்கம், அவள் ஆத்தா வீட்டுக்கு. சண்டை ஒன்றும் இல்லை. "நான் போனாப் பெய்யுதான்னு பாருங்க" என்றாள். கடலைப் பற்றி நான் சொன்னபோதெல்லாம் தலையாட்டினாளே - அத்தனையும் சும்மாவா? நீயுமாடி?

20-11-1966
மழை. பேய்மழை. நாசமாய்ப் போக.

26-11-1966
அழைத்துவரப் போனேன். உள்ளே கூப்பிடாமலே, "அங்கிட்டுப் பெய்யுதா?" என்றாள். தொப்பலாக நனைந்து நிற்பவன் என்ன பொய் சொல்வது?

"அப்ப நான் வரலீங்க."

3-12-1967
இந்த வருஷம் சொட்டு மழை இல்லை. ஊரே வாடி நிற்கிறது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் குதியாட்டம். வெட்கமாகக்கூட இல்லை. அவள் இல்லாமலும் பொய்த்துவிட்டதே. நாளை முதல் பஸ்ஸில் போய்ச் சொல்வேன்.

4-12-1967
சொன்னேன். அவள் முகம் மலரவில்லை. மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

"இங்கிட்டும் பெய்யலீங்க. காலையில ஆத்தாவே என்னைய எங்கிட்டாச்சும் போயிருன்னுச்சு."

பஸ் ஸ்டாண்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் பஸ் வந்துவிட்டுப் போனது. அவள் ஏறவில்லை. நானும் ஏறவில்லை.