உதட்டு விசில்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றும் வரவில்லை. உதட்டைக் குவித்து ஊதினால் வெறும் காற்று. சூடான பாலை ஆற்றுகிற மாதிரி ஒரு சத்தம். பயிற்சி மைதானத்தின் அந்தக் கோடியில் என் நாய் மிளகு நின்றுகொண்டு, எப்போது கூப்பிடுவாள் என்று என்னையே பார்த்தாள். ஊதினேன். பார்த்தாள். மறுபடி ஊதினேன். ஒரு வண்ணத்துப்பூச்சியின் பின்னால் போய்விட்டாள்.

யாரைக் குறை சொல்ல? போன மாதம் நானேதான் போய் உதட்டைத் தடிப்பாக்குகிற ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டேன். மீட்பு நாய்களைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. மிளகு ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் நான், உதடு இருக்க வேண்டிய இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. பார்லர் நடத்துகிற தங்கை படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரே ஒரு ஊசிதான், ஆளே மாறிடுவ" என்றாள். மாறினேன். பொய் சொல்லக் கூடாது, எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. மைதானத்தில் மண் கொட்டுகிறார்கள் என்று எங்களுக்கு விடுமுறை வேறு. நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால்தான் இருந்தேன். ஒரு தடவையாவது விசிலடித்துப் பார்க்கத் தோன்றியதா? இல்லை. நேற்று மைதானம் திறந்தது, அப்போதுதான் தெரிந்தது.

மார்ச் 14 மிளகுக்கு மீட்புப் பணிக்கான தேர்வு.

பிப்ரவரி 4, புதன்

குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்த்தேன். வெளியே வந்தால் வீட்டுக்காரர் அடுப்படியில் நின்றுகொண்டு, "நம்ம குக்கர் உன்னைவிட நல்லா அடிக்குது. அதைக் கூட்டிட்டுப் போயேன்" என்கிறார். முறைத்தேன். முறைப்பு மட்டும் முன்பு போலவே நன்றாக வருகிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

பிளாஸ்டிக் விசிலை முயன்று பார்த்தேன். இங்கே எல்லாப் பயிற்சியாளர்களும் கழுத்தில் அதைத்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒருவர் ஊதினால் மூன்று நாய்கள் திரும்பும். எனக்கு அது பிடிக்காது. அதனால் மிளகு குட்டியாக இருந்தபோதே, பிளாஸ்டிக் விசில் கேட்டால் திரும்பக் கூடாது, என் வாய் விசிலுக்கு மட்டும்தான் வர வேண்டும் என்று பழக்கினேன். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

இன்று நான் பிளாஸ்டிக் விசிலை ஊதியதும் மிளகு என்ன செய்தாள்? எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்கிறாள். கோபப்படவும் முடியவில்லை. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

கையைத் தட்டிப் பார்த்தேன். கத்தியும் பார்த்தேன். பக்கத்தில் இருந்தால் வருகிறாள். ஆனால் இடிபாட்டுக்குள் நாய் போன பிறகு மனிதக் குரல் ஒரு சுவரைத் தாண்டாது. உள்ளே கல் சரிகிற மாதிரி இருந்தால், நில் என்று அவளுக்குச் சொல்ல என்னிடம் அந்த நீள விசிலை விட்டால் வேறு எதுவும் இல்லை.

மைதானப் பொறுப்பாளர், நாங்கள் எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம், என் வாயையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தத் தடவை விட்டா அவளுக்கு வயசு தாண்டிடும்மா. அப்புறம் காவலுக்குன்னு கிடங்கு வாசல்லதான் கட்டிப் போடுவாங்க. என் கையில இல்லை."

மிளகு சங்கிலியிலா? ஒரு ஓட்டைக்குள் மூக்கை விட்டால், உள்ளே இருக்கும் ஆளின் வியர்வையை மோந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாளே, அவளைப் போய் லாரி எண்ணச் சொல்வார்களா? முடியாது. மாட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கரைத்துவிடலாமாம்!

ஒரு வருடம் ஆகும், தானாக வற்றினால்தான் உண்டு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். பார்லரில் போய் அழுதேன். தங்கை முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "எவ்வளவு பொருத்தமா அமைஞ்சிருக்கு. ஒரு நாய்க்காக யாராவது உதட்டை..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். பிறகு துண்டை உதறி மடித்தபடியே, "கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு அக்கா. நான்தானே கூட்டிட்டுப் போனேன். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

வரும் வழியெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கினேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

டாக்டர் அம்மாவுக்கு என்னை நினைவிருந்தது. "ஏன் கரைக்கணும்? பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு டாக்டர். விசிலடிக்க முடியலை."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் முழுக்கதையும் சொன்னேன், மிளகின் படங்களையும் காட்டினேன். தங்கை மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தக் காரணத்தோட இதுவரைக்கும் யாரும் வந்ததில்லை" என்றார்.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. உள்ளே போட்டிருப்பது ஜெல்லி மாதிரி. இந்த மருந்து அதை இளக்கித் தண்ணீராக்கிவிடும், உடம்பு அதை இழுத்துக்கொள்ளும். ஒரே தடவையில் போகலாம், இரண்டாவது தடவையும் தேவைப்படலாம். கொஞ்ச நாள் உதடு சுருங்கினாற்போல் இருக்கும், பயப்படக் கூடாது. "இத்தோட நிறுத்திக்கோன்னு மருந்துக்குச் சொல்ல முடியாதும்மா. அது உங்க நாய் மாதிரி பழகினது இல்லை."

குளவி, தேனீ கொட்டினால் உடம்பு தடிக்குமா என்று கேட்டார். சிலருக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாதாம். கொட்டியிருக்கிறது, தடிக்கவில்லை. ஆனாலும் முன்கையில் ஒரு துளி போட்டு, நாளை வரை பார்க்கச் சொன்னார். இந்தப் புள்ளியை எத்தனை தடவைதான் பார்ப்பது?

பிப்ரவரி 11, புதன்

கை சாதுவாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஊசி.

பிப்ரவரி 13, வெள்ளி

மரத்துப்போகும் களிம்பைத் தடவினாலும் வலி வலிதான். போடும்போது வலித்ததைவிட எடுக்கும்போது கூடுதல். டாக்டர் விரலால் உதட்டை உருட்டி உருட்டி அழுத்தினார். கண்ணில் நீர் வந்தது, ஆனால் உள்ளுக்குள் சிரிப்பாகவும் இருந்தது. இளகுது, இளகுது என்று மிளகிடம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே படுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தால் — ஐயோ, இது என்ன? கரைக்கப் போய் இன்னும் பெருசா வீங்கிட்டு வந்திருக்கேனே. தேன்கூட்டுல வாயை வெச்ச மாதிரி. வண்டியில வரும்போதே ஹெல்மெட் சரியா போகலை. டாக்டருக்கு போன். "முதல்ல வீங்கித்தான் வடியும். மூச்சுத் திணறல், அரிப்பு ஏதாவது இருக்கா?" இல்லை. "அப்ப ஐஸ் வெச்சுட்டுத் தூங்குங்க." வீட்டுக்காரர் ஐஸைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். இன்று அவர் ஒரு கிண்டலும் பண்ணவில்லை. அதில்தான் எனக்கு இன்னும் பயம் வந்தது.

பிப்ரவரி 15, ஞாயிறு

வடிந்துவிட்டது. கண்ணாடியில் பழைய நான். கொஞ்சம் கசங்கிய நான். கீழுதட்டில் நாவல் நிறத்தில் ஒரு திட்டு.

சந்தோஷப்படத்தான் போனேன், ஆனால் சட்டென்று ஒரு வருத்தம் வந்தது. அந்த உதட்டோடு நான் அழகாகத்தான் இருந்தேன். மளிகைக் கடைக்காரர்கூட மரியாதையாகச் சில்லறை கொடுத்தார். அழகாக இருக்க ஆசைப்பட்டதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. இந்த வாய்க்கு வேறு வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம். ஊதினேன். காற்று, காற்று, காற்று, நடுவில் ஒரு துளி சத்தம். கேட்டேன். நிஜமாகக் கேட்டேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆமா, ஏதோ எலி மாதிரி" என்றார். எலி போதும் எனக்கு.

பிப்ரவரி 16, திங்கள்

மைதானத்தில் எலி போதவில்லை. இடது ஓரத்தில் இன்னும் ஒரு பயறு அளவு கட்டி இருக்கிறது. அந்த வழியாகக் காற்று ஒழுகிவிடுகிறது. ஆனால் மிளகு காதைத் தூக்கினாள். தலையைச் சாய்த்து, இது யார், தெரிந்த ஆள் மாதிரி இருக்கிறதே என்று யோசித்தாள். வரவில்லை. யோசித்தாள், எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 19, வியாழன்

டாக்டர் இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்கிறார். பொறுமை என்பது நாய்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பாடம். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

இடது ஓரத்துக்கு மட்டும் இரண்டாவது ஊசி. கொஞ்சம்தான். இந்தத் தடவை வீங்கியதும் பயப்படவில்லை, போய் அசந்து தூங்கினேன்.

மார்ச் 1, ஞாயிறு

வந்துவிட்டது வந்துவிட்டது வந்துவிட்டது.

பல் துலக்கிக்கொண்டே, யோசிக்காமல், பழக்கதோஷத்தில் ஊதினேன். கீச்சென்று ஒரே கோடாக, கண்ணாடி அதிர்கிற மாதிரி. ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் காலில் போட்டுக்கொண்டார். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. நீள விசில், குட்டை விசில் இரண்டு, ஏறி இறங்குவது, எல்லாம் வந்தது. நுரையெல்லாம் சட்டையில்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் பூட்டியிருக்கும். சாரிடம் கெஞ்சிச் சாவி வாங்கினேன். மிளகைக் கூண்டிலிருந்து விட்டதும் அவள் நேராக அந்தக் கோடிக்கு ஓடினாள். நின்றாள். நான் இரண்டு குட்டை விசில் அடித்தேன்.

அவள் ஓடி வந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. மண் பறந்தது. நிற்கத் தவறி என் மேலேயே மோதி என்னைக் கீழே தள்ளி, உதட்டை நக்கோ நக்கென்று நக்கினாள். இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்கிற மாதிரி. மண்ணில் கிடந்தபடியே சத்தமாக அழுதேன். ஞாயிற்றுக்கிழமை, யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

தினமும் பயிற்சி. தங்கை வந்து என் வாயை டார்ச் அடித்துப் பார்த்தாள். "மேல மட்டும் லேசா ஒரு துளி" என்று ஆரம்பித்தாள். அவள் காதுக்குப் பக்கத்தில் நீள விசில் ஒன்று அடித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை.

மார்ச் 14, சனி

முதலில் விஷயம்: தேறிவிட்டாள்.

இப்போது நடந்தது. இடித்துப் போட்ட கட்டடம், உள்ளே எங்கேயோ ஒரு ஆள் ஒளிந்திருக்கிறார். பக்கத்துக் குவியலில் வேறு நாய்க்குத் தேர்வு, அந்தப் பயிற்சியாளர் பிளாஸ்டிக் விசிலை ஊதிக் காதைக் கிழித்துக்கொண்டிருக்கிறார். மிளகு அந்தப் பக்கம் காதைக்கூட அசைக்கவில்லை. ஆட்டுகிற வால் மட்டும் வெளியே தெரிய ஒரு பொந்துக்குள் நுழைந்தாள்.

அப்போது மேலே ஒரு பலகை சரிந்தது. கல் உருண்டது. தேர்வாளர் கையைத் தூக்கினார், நிறுத்து என்று. நான் ஊதினேன். வரவில்லை. காற்று. வாய் வறண்டு ஒட்டிக்கிடக்கிறது. கடவுளே, இப்பவா? எல்லாம் பண்ணிட்டு இப்பவா?

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தேர்வைப் பார்க்க வந்திருந்த தங்கையின் குரல். "அக்கா, நாக்கு! நாக்கால நனை!" பார்லரில் நாள் முழுக்க உதடுகளைப் பார்க்கிறவள், என் உதடு காய்ந்ததை அங்கிருந்தே பார்த்துவிட்டாள். நனைத்தேன். குவித்தேன். அடித்தேன்.

மிளகு இருந்த இடத்தில் அப்படியே உறைந்து நின்றாள். அவளுக்கு ஒரு முழம் முன்னால் கல் விழுந்தது. தூசி அடங்கும் வரை அசையவே இல்லை. பிறகு நான் தேடு என்று ஏறி இறங்கும் விசில் கொடுத்ததும் கல்லைச் சுற்றிக்கொண்டு போய், ஆள் ஒளிந்திருந்த இடத்தில் குரைத்தாள். தேர்வாளர் என்னிடம் வந்து, "எந்த கம்பெனி விசில்?" என்று கேட்டார். வாயைத் தொட்டுக் காட்டினேன்.

மார்ச் 16, திங்கள்

பத்திரிகையில் படம் வந்திருக்கிறது. விசிலடித்த அந்த நொடியில் யாரோ எடுத்திருக்கிறார்கள். கன்னம் ஒட்டி, கண் பிதுங்கி, உதடெல்லாம் சுருக்கமாகப் பொத்தான் அளவில். பின்னால் மங்கலாக, பொந்துக்கு வெளியே மிளகின் வால். வீட்டுக்காரர் பேப்பரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "குக்கர் ரிட்டயர் ஆகிடலாம்" என்றார்.

மார்ச் 22, ஞாயிறு

தங்கை படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, பார்லரில் கண்ணாடிக்கு மேலேயே மாட்டியிருக்கிறாள். இரண்டு பக்கமும் பளபளக்கிற உதடுகளின் விளம்பரம், நடுவில் நான். எடுக்கச் சொன்னேன். மாட்டேன் என்கிறாள்.

நான் இருக்கும்போதே புருவம் திருத்திக்கொள்ள ஒரு பெண் வந்தாள். படத்தை உற்றுப் பார்த்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "இது ஊசி போடறதுக்கு முன்னாடி எடுத்ததா, பின்னாடி எடுத்ததா?" என்று கேட்டாள்.

தங்கை நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே, "அதுக்கும் பின்னாடி" என்றாள்.