தீயலுக்கு இத்தனை கேள்வியா, மைனி

மைனி,

பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் வறுக்கிறார்கள். ஆரியசாலைக் கடைத்தெருவின் இந்தச் சந்தில் மிளகு, வெல்லம், சாக்கு எல்லாம் சேர்ந்து எப்போதும் ஒரு வாசனை உண்டே, அதையும் தள்ளிக்கொண்டு வறுத்த தேங்காய் வாசனை உள்ளே வருகிறது. சோற்றுப் பொதி கட்டிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு செய்தி சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத உங்கள் நாத்தனார் இப்போது போனில் இருக்கும் ஏ.ஐ.யோடு பேசுகிறாள். உங்கள் மகள் தேவிதான் காட்டிக் கொடுத்தாள். மைக் படத்தைத் தொட்டுவிட்டு வாயால் கேட்டால் போதும், அதுவும் வாயால் பதில் சொல்கிறது. எனக்கு வாய்க்கா பஞ்சம்?

எல்லாம் உங்கள் வறுத்த தேங்காய்த் தீயல் குழம்பால் வந்தது. நீங்கள் போன பிறகு தேவி தீயலைத் தொடவே இல்லை. நான் வைத்துப் பார்ப்பேன். அவள் ஒரு சொட்டு நாக்கில் வைத்து, “நல்லா இருக்கு அத்தே” என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். உங்கள் முதல் திதி நெருங்கியபோது சொன்னாள்: “அம்மாவோட தீயல் மட்டும் போதும் அத்தே. வேற ஒண்ணும் வேண்டாம்.” அப்போதுதான் பயம் பிடித்தது. நம் சாப்பாட்டுக் கடையில் வறுப்பது உங்கள் கை. பொதி கட்டுவதும் வாயடிப்பதும் என் பங்கு. வறுக்கிற பக்கம் நான் போனதே இல்லையே.

“தீயல் எப்படி வைக்கணும்?” என்று போனிடம் கேட்டேன். தக்காளி போடச் சொன்னது மைனி! கரம் மசாலாவும் போடச் சொன்னது. “ஏட்டி, ஒனக்குக் கல்யாணச் சாப்பாடுன்னு நெனப்பா?” என்று நான் அதட்ட, தேவி விழுந்து விழுந்து சிரித்தாள். “அத்தே, அதுக்கு நம்ம அடுக்களை அறியாதுல்லே. ஆருக்கு வைக்கிறோம், என்ன சட்டி, என்ன வேண்டாம், எல்லாம் சொல்லணும்.”

அதைக் கேட்டதும் உங்கள் குரல் கேட்டது. தெருக் கடைக்காரர் யாராவது சாப்பாடு வேண்டும் என்று போன் பண்ணினால் நீங்கள் லேசில் விடுவீர்களா? “ஆருக்கு? வயசாளியா? பல்லு உண்டா? சுகர் உண்டா? காலைல என்ன தின்னாரு?” நான் பக்கத்தில் நின்று, “மைனி, சோறு குடுக்கப் போறியளா, பொண்ணு குடுக்கப் போறியளா?” என்பேன். “ஏட்டி, கேக்காம வச்சா அது என் ருசிக்குத்தான் இருக்கும்” என்பீர்கள்.

சரி என்று போனுக்கு விவரமாகச் சொன்னேன். நாஞ்சில் நாட்டுத் தீயல். சின்ன வெங்காயம், தேங்காய் எண்ணெய், இரும்புச் சட்டி. தக்காளி, பூண்டு, மசாலா கூடவே கூடாது. தாய் கையால் தின்று வளர்ந்த பெண்ணுக்கு. இந்தத் தடவை சொன்னது நம் வீட்டுப் பக்கமாக இருந்தது. வைத்தேன். தேவி கொஞ்சம் கூடுதலாகவே தின்றாள். “கிட்ட வந்துட்டு அத்தே. ஆனா அம்மாவோடது இல்ல.”

கை கழுவிவிட்டு வந்து அவளே சொன்னாள், “இனி நீங்க சொல்லண்டாம். அத உங்ககிட்ட கேக்கச் சொல்லுங்க.”

“எங்க மைனி வச்ச தீயல் வேணும். எனக்கு எது தெரியலேன்னு எனக்கே தெரியலை மக்கா. ஒவ்வொண்ணா நீயே கேளு,” என்றேன் போனிடம்.

கேட்டது. தேங்காய் முற்றியதா? துருவல் பெரிதா, பொடியா? மிளகாய் வத்தல் முதலில் விழுமா, கடைசியிலா? பெண் குரல். நான் அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். கேள்வி போனிலிருந்து வருகிறதா, பின்னாலிருந்து வருகிறதா என்று ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது. அப்போது அடுத்த கேள்வி: “தேங்காய் வறுபட்டுவிட்டது என்பதை உங்கள் மைனி எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்?”

நிறத்தைப் பார்த்து என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரத்தில் நீங்கள் சட்டியைப் பார்த்ததே இல்லை மைனி. என்னைத்தான் பார்ப்பீர்கள்.

நான் ஜன்னலோரம் பொதி கட்டிக்கொண்டிருப்பேன். “சட்டியப் பாருங்க மைனி, என் மூஞ்சியிலயா தேங்கா வறுபடுது?” என்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். வத்தல் நெடி ஜன்னல் வரைக்கும் வரும், நான் தும்முவேன், நீங்கள் சட்டியை இறக்கிவிடுவீர்கள். என் மூக்குக்கு இரங்கித்தான் இறக்குகிறீர்கள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். என்னை வைத்துப் பதம் பார்த்திருக்கிறீர்கள், கள்ளி!

போனிடமும் சொன்னேன். நல்ல பழுப்பு நிறம் வரும்வரை வறுக்கலாம் என்றது. பாவம், அதற்கு மூக்கு ஏது?

திதியன்று தேவியை அடுப்பில் நிறுத்திவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். “சட்டியப் பாக்காத. கிண்டிக்கிட்டே என்னையப் பாரு.”

“கரிஞ்சு போவும் அத்தே.”

“போவட்டும்.”

திரும்பினாள். உங்கள் முகம் மைனி. தும்மல் வராமல் போய்விடுமோ என்றும் பயம், வந்துவிடுமோ என்றும் பயம். நெடி வந்தது. தும்மினேன். அவள் இறக்கினாள்.

இலை போட்டுப் படைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். முதல் கவளத்தை வாயில் வைத்தவள் தலையைக் குனிந்தபடியே தின்று முடித்து, “இன்னும் இத்திரி சோறு போடுங்க” என்றாள்.

இப்போது தினமும் அவள்தான் வறுக்கிறாள், நான் ஜன்னலோரம் உட்காருகிறேன். நெடி கிளம்பும்போது தேவி என்னைப் பார்க்கிறாள். அவளுக்குச் சற்று முன்னாலேயே அடுப்பின் மறுபக்கத்திலிருந்து இன்னொருவர் பார்க்கத் தொடங்கிவிடுவது எனக்குத் தெரிகிறது. நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை மைனி. தும்மல் நின்றுவிடும்.