ஆவடி வண்டியில் ஒரு ரஷ்யக் காதல்

அலமாரியைத் திறந்ததும் அந்தப் பசை வாசனை. நீயும் நானும் மாற்றி மாற்றிப் படித்த தடித்த ரஷ்ய நாவல்தான். நீ காலமாகி நாற்பது நாளாகிறது, தோழி. என்னைத் திட்ட ஆளில்லை.

எழுபதுகளின் தொடக்கம். ஆவடித் தொழிற்சாலையில் நம் தையல் மெஷின்கள் பக்கத்துப் பக்கத்தில். காலையில் அம்பத்தூரில் ரயில் வந்ததும் பெண்கள் பெட்டியை விட்டுவிட்டு, தினமும் வரும் ஒரு நீலச்சட்டைக்காரர் ஏறும் பெட்டிக்கு உன்னையும் இழுத்துக்கொண்டு ஓடுவேன். என் ஜன்னலோர இருக்கைக்கு எதிரே நின்று அவர் பார்த்துக்கொண்டே வருவார். பேச மாட்டார். பேசாததுதான் காதலின் ஆழம் என்று முடிவு கட்டியிருந்தேன். மேற்பார்வையாளர் பயிற்சிக்கு ஆறு மாதம் வெளியூர் போக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வேண்டாம் என்று கடிதமே எழுதிப் பையில் வைத்திருந்தேன். அவரைத் தவிக்கவிட்டு எப்படிப் போவது?

அந்த நாவலின் நாயகனும் என்னைப் போலத்தான். ஒரு பெண் தன்னைக் காதலிப்பதாக நம்பி, வந்த வேலையை உதறிவிட்டு, பனியில் அவள் வீட்டெதிரே நிற்பான். அவன் உருகி உருகிப் பேசியதற்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு உன்னிடம் கொடுத்தேன். சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைக்கூடத் திறக்காமல் கேட்டாய்.

“அவன் சொன்னதுக்கெல்லாம் கோடு போட்டுக்கீற. அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சுனு எங்கனா போட்டியா?”

புரட்டினேன். முந்நூறு பக்கத்தில் அவள் அவனிடம் சொன்னது, கதவைச் சாத்துங்கள், குளிருகிறது என்பது மட்டும்தான்.

“சரி, உன் ஆளு இன்னா சொன்னாரு? எதுனா சொல்லிக்கீறாரா?”

உன்மேல் ஆத்திரமாக வந்தது. அழுதேன். மறுநாள் ரயிலில் நானே அவரிடம் பேசினேன். “அடுத்த வாரத்துலேர்ந்து வரமாட்டேங்க. ஆறு மாசம் வெளியூர் போறேன்.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்போ இந்த ஜன்னல் சீட்டு காலியாத்தானே இருக்கும்?”

ஆவடியில் இறங்கியதும் முதலில் சிரித்தது நான்தான். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் சிரித்தாய். வயிறு வலிக்கச் சிரித்தபடியே அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

பயிற்சி முடித்துத் திரும்பி, நாற்பது மெஷின்களுக்கு நடுவே மேற்பார்வையாளராக நான் நடந்து வந்த முதல் நாள், நீ வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாய். “நம்ம பொண்ணு இன்னா நடை நடக்குது பாருங்கடி” என்று அந்தக் கூடமே கேட்கச் சொன்னாய். அன்று தரையில் என் கால் பாவவில்லை.

பிறகு ஒருவர் என்னைக் கட்டிக்கொள்ள விரும்பினார். பார்வையெல்லாம் வேண்டாம், வாயைத் திறந்து சொல்லுங்கள் என்றேன். சொன்னார். இன்னொரு தடவையும் சொல்ல வைத்தேன்.

மனசு தன்பாட்டுக்குக் கதை கட்டத் தொடங்கினால் இன்றும் உன் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. உன் பிரியத்துக்கு மட்டும் நான் எந்தக் கதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொன்னவள் நீ.