மூடுபனியில் சுமந்தவள்

அன்புள்ளவளுக்கு,

நீ என்னை விட்டு வடக்கே இன்வர்னஸ் நகருக்குக் குடிபோன பிறகு, இங்கே உன் பழைய மலைநடைக் குழுவில் நானும் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. போன ஞாயிறு நடையில், முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். குழுவை நடத்தும் எல்ஸ்பெத் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"இதே எடத்துலதான் நான் காலை ஒடிச்சுக்கிட்டேன். மூடுபனியில ரெண்டு மைல் உங்க வீட்டம்மாதான் என்னை முதுகுல சுமந்தாங்க. சொல்லலையா?"

"சொன்னா," என்று பொய் சொன்னேன்.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நனைந்துபோய்த் தாமதமாக வந்தாய். சாப்பாட்டுக்குக் காக்க வைத்தாய் என்று கத்தினேன். நீ நனைந்த உடையோடே சூப்பைச் சூடாக்கினாய். எங்கே போனாய் என்றுகூட நான் கேட்கவில்லை.

எப்பேர்ப்பட்டவளோடு இருந்திருக்கிறேன்!

பிறகு எழுந்து உச்சிவரை ஏறிவிட்டேன். அடுத்த மாதம் குழு உன் ஊர்ப்பக்கம் வருகிறது. நீயும் நடக்க வந்தால், முன்னால் நட. நீ சொல்வதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டே வருகிறேன்.

இப்படிக்கு,
பழைய வீட்டிலேயே இருப்பவன்