கோலப்பொடி பூசிய குஞ்சுகள்

சாலவாக்கம்

என் தங்கம் கீதாவுக்கு நைனா ஆசையோடு எழுதுவது. இங்கே நான் சுகம், புயலுக்குப் பிறகும் வீட்டுக் கூரை அதன் இடத்திலேயே இருக்கிறது. அங்கே புனேயில் நீயும் மாப்பிள்ளையும் பச்சைக் குழந்தையும் ஒரு குறையுமில்லாமல் இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். நான் கூப்பிட்டாலே அங்கே துணைக்கு வந்திருக்கும் உன் அம்மா போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், உன்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லை. புயலில் கோழி, தோட்டம் எல்லாம் பத்திரம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அது பொய். உண்மையை நீதான் பக்குவமாக அவள் காதில் போட வேண்டும்.

உன் பிரசவத்துக்காக ரயில் ஏறும்போது அடையில் உட்கார்ந்திருந்த கோழியையும் தோட்டத்தையும் என்னிடம் ஒப்படைத்து அவள் சொன்ன பத்திரங்கள் கொஞ்சமா. குஞ்சு பொரித்ததும் முதுகில் சாயம் பூசு, இல்லாட்டி பக்கத்து வூட்டு சொக்கம்மா குஞ்சுங்களோட கலந்துடும், அப்பால அவகிட்ட போயி நிக்கணும் என்றாள். சொக்கம்மாளின் கோழி நம் கீரைப் பாத்தியைக் கிளறிய நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றுபோனது உனக்குத் தெரியுமே. எனக்கோ சாயம் வாங்க உத்திரமேரூருக்குப் பஸ் ஏறச் சோம்பல். உன் அம்மா மார்கழிக்கு எடுத்து வைத்திருந்த ரோஸ் கோலப்பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டேன். பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

புயலன்று காலையிலிருந்தே காற்று ஒரே பேஜார். மத்தியானம் கூண்டின் தகரம் பறந்து ஏரிக்கரைப் பக்கம் போனது, புடலைப் பந்தல் அப்படியே சாய்ந்தது, கத்தரியும் வெண்டையும் தண்ணீருக்குள் போயின, சொக்கம்மாள் வீட்டுக்கும் நமக்கும் நடுவிலிருந்த வேலியும் படுத்துவிட்டது. கீச் கீச்சென்று சத்தம் வந்த பக்கமெல்லாம் சேற்றில் தவழ்ந்து, அகப்பட்ட குஞ்சுகளையெல்லாம் பொறுக்கி அண்டாவில் போட்டு, சாக்கைப் போர்த்தி அடுப்போரம் வைத்தேன். திரும்பி வந்து பந்தலைத் தூக்கிப் பார்த்தால் தாய்க்கோழி அடியில் செத்துக் கிடந்தது. உன் அம்மா கையில் தவிடு தின்று வளர்ந்த கோழி. எனக்கு அழுகை வந்துவிட்டது, மாப்பிள்ளையிடம் சொல்லி வைக்காதே.

மறுநாள் மழை விட்டதும் சொக்கம்மாள் படுத்த வேலியைத் தாண்டி வந்தாள். இன்னாண்ணா, என் குஞ்சுங்க எதுனா இங்க வந்துகீதா என்று கேட்டாள். அண்டாவைத் திறந்து காட்டினேன். கோலப்பொடி மழையில் கரைந்துபோய் எது நம்முடையது எது அவளுடையது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. என் கவனக்குறைவுதான், உன்னுதுன்னு தோணறத எடுத்துக்கோம்மா என்றேன். அவள் குஞ்சைத் தொடவில்லை, உங்க கோழி எங்கண்ணா என்றாள். சொன்னேன். குனிந்து சாக்கைத் திரும்பவும் அண்டாமேல் போர்த்தினாள். அப்புறம், தாயில்லாம இதுங்க குளுரு தாங்காதுண்ணா, ராவுல இருட்டச்சொல்ல எல்லாத்தியும் என் கோழிக்கு அடியில தள்ளிவுட்டா அது இன்னா எண்ணியா பாக்கப்போவுது, பெருசானதும் அண்ணியே வந்து பிரிச்சிக்கட்டும் என்று சொல்லி அண்டாவோடு தூக்கிக்கொண்டு போனாள். சண்டைக்குப் பிறகு அவள் வாயில் அண்ணி என்று வந்தது இதுதான் முதல் தடவை. இப்போது போய்ப் பார்த்தால் அத்தனை குஞ்சும் அந்தக் கோழி பின்னால்தான் ஓடுகின்றன. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று, உன் அம்மாவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினால் உடனே ஈரம் போகத் துவட்டு. பூண்டு நிறையச் சாப்பிடு, குளிர்ந்த தண்ணீரைத் தொடாதே. மாப்பிள்ளையை வேளைக்குத் தூங்கச் சொல். நான் சமைத்துச் சாப்பிடுகிறேன், ரசம் மட்டும்தான் இன்னும் பிடிபடவில்லை. தோட்டத்தில் தண்ணீர் வடிந்ததும் கீரை விதை தூவிவிட்டேன், அதை அம்மாவிடம் தாராளமாகச் சொல்லலாம்.

ஒரகடத்திலிருந்து புனேவுக்கு லாரி ஓட்டுகிறானே சொக்கம்மாள் மகன் மோகன்குமார், அவனிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ இதைப் படிக்கும்போது அவன் உங்கள் வாசலில் நின்றுகொண்டிருப்பான். கையிலிருக்கும் டப்பாவில் பிள்ளை பெற்ற உடம்புக்கென்று அவன் அம்மா கிளறிய லேகியம். கொயந்த யாரு ஜாடை என்று வேறு விசாரித்தாள், தெரியவில்லை என்றேன். உன் அம்மாவைக் கேட்டு எனக்குச் சொல், நான் சொக்கம்மாளிடம் போய்ச் சொல்லவேண்டும்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மறக்காதே. முதலில் உன் அம்மா கையாலேயே மோகன்குமாருக்கு ஒரு காபி கொடுக்கச் சொல், அதற்குப் பிறகு கோழி விஷயத்தை எடு.

உன் நைனா,
ராஜாராம்