ஹவாயில் ஒரு வெள்ளிக்கிழமை

மோர்டன், லண்டன்
11.9.1993

அன்புத் தங்கச்சிக்கு,

ஹவாயில் எடுத்த படங்கள் கிடைத்தன. கடற்கரை வடிவாகத்தான் இருக்கிறது. நீயும் மெலிந்து வடிவாக இருக்கிறாய்.

ஒன்றுதான் மனதுக்குச் சரியில்லை. மணலில் இருந்தபடி இலையில் சுற்றி அவித்த மீனைச் சாப்பிடுகிறாயே, அந்தப் படத்தின் மூலையில் திகதி விழுந்திருக்கிறது. கலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை! "வெள்ளியில மீன்சட்டியைத் தொடாதையுங்கோ பிள்ளையள்" என்று அம்மா சொன்னதெல்லாம் அமெரிக்கா போனதும் மறந்துபோச்சோ? வெள்ளி தவறாமல் விம்பிள்டன் கோயிலுக்குப் போகிற எனக்கு இதைப் பார்க்க எப்படி இருக்கும்?

அதே படத்தில் உன் அவர் முள்ளெடுத்து உன் தட்டில் வைக்கிறார். அமெரிக்காவில் எல்லா ஆம்பிளைகளும் அப்படித்தானோ?

இவரிடமும் படத்தைக் காட்டினேன். "ஓம், நல்ல கடல்தான்" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். நாங்கள் கடலுக்குப் போகாதவர்கள் என்று நினைக்காதே. போன கோடையில் பிரைட்டனுக்குப் போனோம். ஒரே மழை. காருக்குள் இருந்தே புளிச்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். படம் எடுக்கவில்லை.

நேற்று ஒரு முழு மீன் வாங்கி வந்தேன். உங்கள் இலை இங்கே கிடைக்காது, முட்டைக்கோவா இலையில் சுற்றி அவித்தேன். இவருக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஓவர்டைம் என்று போன் பண்ணினார். மீன் ஆறிப்போனது. முள்ளையெல்லாம் நானே எடுத்து, நானே சாப்பிட்டேன்.

நேற்றுக் கோயிலுக்குப் போகவில்லை. நேற்றும் வெள்ளிக்கிழமைதான்.

உன் அக்கா