ஜிம்மிக்குக் கழுவிய சோறு

சாப்பாட்டு மேசையில் ஜன்னல் பக்கக் கதிரைக்குச் சொந்தக்காரரான என் அன்பு அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் பதறிப்போவீர்கள். ஜிம்மி நலம். இதை எழுதும்போது என் காலடியில்தான் படுத்துக் குறட்டை விடுகிறான். ஆனால் போன கிழமை, நீங்கள் போய் ஒரு வருடம் நிறைந்த ஆட்டைத்திவசத்தன்று, அவனை நாங்கள் உங்களிடமே அனுப்பிவிடப் பார்த்தோம்.

நாயே வேண்டாம் என்று நின்றவர் நீங்கள். ஞாபகம் இருக்கிறதா? உங்கள் பேத்தி, என் மகள் ஆரபி, அழுது அடம்பிடித்து அந்த மண்ணிறக் குட்டியை மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, "சாமியறை இருக்கிற வீட்டுக்குள்ளை நாயோ?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தீர்கள். அவள் ஏதோ நாகரிகமான பெயர் ஒன்றை யோசித்துக்கொண்டிருக்க, "நாய் எண்டால் ஜிம்மிதான்" என்று நீங்களே பெயரும் வைத்து முடித்தீர்கள். கொஞ்ச நாளிலேயே அவன் உங்கள் கதிரைக்குக் கீழே குடியேறிவிட்டான். நீங்களும் கண்டும் காணாததுபோல் கால்களை ஒதுக்கி அவனுக்கு இடம் விட்டீர்கள்.

பிறகு அந்தக் கழுவும் வேலை தொடங்கியது. கறி பிரட்டிய சோற்றில் ஒரு சின்ன உருண்டை எடுத்து, பக்கத்தில் இருக்கும் தம்ளர் தண்ணீரில் அலசி, மேசைக்குக் கீழே கையை நீட்டுவீர்கள். என் கண்ணில் பட்டுவிட்டால் உடனே நியாயம் வரும். "உறைப்பெல்லாம் போயிட்டுது பிள்ளை, இனி அவனுக்கு ஒண்டும் செய்யாது." நீங்கள் மறந்துபோய் அந்தத் தண்ணீரையே குடித்துவிடுவீர்கள் என்று பயந்து, அம்மா உங்களுக்கு இரண்டு தம்ளர் வைக்கத் தொடங்கினார். எத்தனை சண்டை பிடித்திருப்பேன், அப்பா! இப்போது அந்தச் சண்டைக்கும் ஆளில்லை.

எங்கள் வீட்டில் நாய்க்கு ஆகாதது என்றால் ஒன்றுதான், உறைப்பு. மிளகாய்த்தூள் இல்லாவிட்டால் எதையும் கொடுக்கலாம் என்று எல்லோரும் நம்பியிருந்தோம். நானும்தான்.

திவசத்துக்கு அம்மா உங்களுக்குப் பிடித்த எல்லாவற்றையும் சமைத்தார். வெங்காயம் நிறையப் போட்ட உழுந்து வடை, கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, பிறகு உங்கள் பாயாசம். பிளம்ஸ், அதுதான் அந்த உலர்ந்த திராட்சை, அள்ளிக் கொட்டினால்தான் பாயாசம் என்பீர்களே, அதே பாயாசம். ஐயர் வந்து கிரியை முடித்துப் போனதும் பின் வளவில் வாழையிலை வைத்துக் காகத்துக்குப் படைத்துவிட்டுக் காத்து நின்றோம். இந்தக் குளிர்நாட்டுக் காகங்களுக்கு எங்கள் திவசத்தைப் பற்றி என்ன தெரியும்? கறுத்த அணில் ஒன்று வந்து வடையைத் தூக்கிக்கொண்டு மதில் மேலால் ஓடியதுதான் மிச்சம்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஜிம்மி குந்தியிருந்து அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்குத் தாங்கவில்லை. "காகம் வரேல்லை எண்டால் என்ன? அவர் எப்பவும் முதல்ல இவனுக்குத்தானே குடுக்கிறவர்," என்றபடி இலையை எடுத்துவந்தார். குழம்புச் சோற்றை உங்களைப் போலவே தண்ணீரில் அலசி அவன் கோப்பையில் போட்டார். பாயாசத்தில் உறைப்பு இல்லைத்தானே, அதை அப்படியே ஊற்றிவிட்டார். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக் கண்கலங்கினேன். உங்கள் கையால் அவன் சாப்பிடுவதுபோல் இருந்தது எனக்கு.

ஆரபி மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து கோப்பையைப் பார்த்தாள். அடியில் ஒரேயொரு பிளம்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. "அம்மம்மா, வெயிட், இதில ரெய்சின்ஸ் இருந்ததா? ஓ மை கோட், நாய்க்கு அது பொய்சன்!"

"உறைப்பில்லையே பிள்ளை, இனிப்புத்தானே?" என்றார் அம்மா.

"இனிப்பு மேட்டர் இல்லை அம்மம்மா! கிட்னி போயிடும்!"

திவசத்துக்குக் கட்டிய சேலையோடேயே அம்மா காரில் ஏறினார். ஜிம்மி அவர் மடியில், வாலை ஆட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் இருந்தான். ஸ்டீல்ஸ் வீதியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அம்மா ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். "அவரின்ரை பேரிலை படைச்சதைக் குடுத்து அவரின்ரை பிள்ளையைச் சாகடிச்சுப்போட்டனோ?" பச்சை விழுந்ததும் நான் வேகத்தைக் கூட்டினேன். நீங்கள் போனபிறகு பகல் முழுக்க அம்மா பேசுவது அவனோடுதான் என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அவனும் போய்விட்டால் அம்மா எப்படி இருப்பார் என்பதை நினைக்கவே பயமாக இருந்தது.

மிருக வைத்தியர் இளம் பெண், நிதானமானவர். ஊசி போட்டு அவனை வாந்தி எடுக்க வைத்துவிட்டு, தோட்டத்தில் ஏதாவது கடித்திருப்பானா என்றும் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் தோட்டத்துக்குள் ஒரு சுற்றுப் போய் வந்தேன். கறிவேப்பிலைச் சாடி என்றேன், பயமில்லை என்றார். தக்காளி என்றேன், இலையும் காயும் ஆகாது என்றார். அலரி என்றதும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒரு இலையே ஆபத்தாம்.

அலரிக்கு அவன் கிட்டப் போகவே முடியாது என்று நான் சொன்னேன். சாமிக்குப் பூ வேண்டுமென்று அந்தச் செடியைச் சாடியில் வளர்த்த நீங்கள்தான், அவன் வந்த கோடையிலேயே கராஜ் சுவரில் ஆள் உயரத்துக்குத் தட்டு அடித்து அதைத் தூக்கி வைத்தீர்கள். விழுந்த இலைகளைக்கூடக் குனிந்து பொறுக்குவீர்கள். தக்காளிப் பாத்திக்குக் கோழிக்கூட்டுக் கம்பிவலை சுற்றியதும் அதே கோடையில்தான். முயலுக்காக என்றுதான் எங்களிடம் சொன்னீர்கள். நாயில் உங்களுக்கு அக்கறை என்று நாங்கள் நினைத்துவிடுவோமோ என்று வெட்கமா, அப்பா?

உறைப்பு வயிற்றைக் குழப்பும், தண்ணீர் விடாய்க்கும், அவ்வளவுதானாம். வெங்காயமும் உள்ளிப்பூண்டும்தான் நாயின் இரத்தத்தையே கெடுக்குமாம், அது கழுவினாலும் போகாதாம். இத்தனை வருடம் நீங்கள் அலசி அலசிக் கொடுத்ததைச் சொன்னேன். சின்ன உருண்டையாகக் கொடுத்ததால் தப்பியிருக்கிறான் என்று வைத்தியர் சிரித்தார். நீங்கள் அங்கே இருந்திருந்தால் அவரோடு வாதாடியிருப்பீர்களா, இல்லை வீட்டுக்கு வரும்வரை வாயே திறக்காமல் இருந்திருப்பீர்களா?

சேலைன் ஏற்றி அவனை அங்கேயே வைத்திருந்தார்கள். அம்மா வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உங்கள் படத்துக்கு முன்னால் போவதையும் தவிர்த்துக்கொண்டார். சிறுநீரகத்துக்கு ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோதுதான் போய் விளக்கைக் கொளுத்தினார். பிறகு அங்கேயே நின்று வாய்விட்டு அழுதார். அப்பா, உங்கள் செத்தவீட்டில்கூட அம்மா அப்படி அழவில்லை. நானும் அவரைத் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் ஜிம்மி நேரே போய் உங்கள் கதிரைக்குக் கீழே குந்திவிட்டான். ஆரபி அவனுக்கென்று உப்பில்லாமல் அவித்த சோறும் பூசணியும் கோப்பையில் போட்டு வைத்தாள். மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, மேசையின் ஓரத்தைப் பார்த்தபடி இருந்தான். ஆசையாகக் கூப்பிட்டோம், அதட்டிப் பார்த்தோம், அசையவில்லை.

அம்மா எழும்பிப் போய் உங்கள் இரண்டாவது தம்ளரை எடுத்து வந்தார். உங்கள் கதிரையில் இருந்தார். நீங்கள் போன பிறகு அதில் யாரும் இருந்ததில்லை. கறியே படாத அந்த வெள்ளைச் சோற்றில் ஒரு உருண்டை எடுத்து, தண்ணீரில் நன்றாக அலசி, மேசைக்குக் கீழே கையை நீட்டினார். அவன் சாப்பிட்டான். அடுத்த உருண்டையையும் கழுவினார்.

அடுத்த திவசத்துக்கும் உங்கள் பாயாசத்தில் பிளம்ஸ் அள்ளிப் போடுவோம், அப்பா, அதில் குறை வைக்கமாட்டோம். காகம் வராவிட்டால் அணில் கொண்டுபோகட்டும். ஜிம்மிக்கு வெறும் சோறுதான், ஆனால் கழுவித்தான் கொடுப்போம். அவன் இருக்கும்வரை அந்தத் தம்ளர் மேசையில் இருக்கும்.

உங்களோடு சண்டை பிடிக்க ஆசையாக இருக்கும்,
உங்கள் மூத்த மகள்